முட்டைக்குள் படும் கதிர்: பறவைக் கருவின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்குக் கோழிக் கரு ஸ்லைடு மறந்திருக்காது. 24 மணி, 48 மணி, 72 மணி, 96 மணி என்று வரிசையாக வைத்திருப்பார்கள். இதயத்தை வரைவோம், கண்ணை வரைவோம், முதுகுப் பக்கம் கட்டங்கட்டமாக நிற்கும் சோமைட்டுகளை எண்ணுவோம். இந்தக் கரு வளர்ந்து நாளைக்கு முட்டையிட வேண்டுமே, அதற்கான செல்கள் இந்த ஸ்லைடில் எந்த மூலையில் இருக்கின்றன என்று மட்டும் எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டபோது, கருவியலில் இதைவிட அழகான கதை இல்லை என்று தோன்றியது. அந்தச் செல்களுக்கும், அவை குடியேறும் உறுப்புக்கும் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்பதுதான் இந்தப் பக்கம். பெரும்பாலும் கோழியை வைத்தே சொல்கிறேன். பறவைகளில் மிக நன்றாக ஆராயப்பட்ட கரு அதுதான்.

எந்தக் கதிர்வீச்சு? வெளிச்சம்கூடக் கதிர்வீச்சுதானே?

ஆமாம். ஆனால் இங்கே பேசுவது எக்ஸ் கதிர், காமாக் கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சை. இது செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழையை நேராகவே அறுக்கும். அல்லது செல்லில் இருக்கும் தண்ணீரை உடைக்கும், அதிலிருந்து பிறக்கும் துடிப்பான மூலக்கூறுகள் போய் இழையை அறுக்கும். ஒற்றை இழை அறுந்தால் செல் பெரும்பாலும் தைத்துக்கொள்ளும். இரண்டு இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் அறுந்தால் தையல் தப்பாகப் போகும், இல்லையென்றால் செல் தானாகவே செத்துப்போகும்.

அளவைச் சொல்ல ‘கிரே’ என்ற அலகு உண்டு. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. பழைய கட்டுரைகளில் ‘ராட்’ என்று இருக்கும், 100 ராட் ஒரு கிரே. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. கிரேயையும் மில்லிகிரேயையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும், இந்தத் துறையில் வரும் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

இனப்பெருக்க உறுப்பு முட்டைக்குள் எப்போது உருவாகிறது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்றப் பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

கோழி முட்டை பொரிய 21 நாள். முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு தொடங்கியிருக்கும். மஞ்சள் கருவின்மேல் வெளிர்ந்த புள்ளியாகத் தெரியும் ஒரு மெல்லிய தட்டு, 40,000 முதல் 60,000 செல்கள். அத்தனை செல்களில் சுமார் முப்பதுதான் பிற்காலத்தில் விந்தணுவையோ அண்டத்தையோ தரப்போகிறவை. அவற்றை மூல இனச்செல்கள் என்கிறோம்.

அடை வைத்த முதல் நாளில் இவை கருவின் தலைப்பக்கத்துக்கு முன்னால், உடலாக மாறப்போகும் பகுதிக்கு வெளியே, பிறை போல வளைந்த ஓரிடத்தில் போய்ச் சேர்கின்றன. ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர் 1914-ல் இதை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து விவரமாக எழுதினார். இரண்டாம் நாளில் இரத்தக் குழாய்கள் உண்டானதும் இந்தச் செல்கள் அவற்றுக்குள் நுழைகின்றன. அப்புறம் இரத்த ஓட்டத்தோடு கரு முழுக்கச் சுற்றுகின்றன. மூன்றாம் நாள் வாக்கில் வயிற்றுக் குழியின் பின்சுவரில், அப்போதைய சிறுநீரகத்தை ஒட்டி எழும்பத் தொடங்கியிருக்கும் இரண்டு இனமேடுகளில் (விந்தகமோ அண்டகமோ ஆகப்போகும் மேடுகள்) இறங்கிவிடுகின்றன. பாலூட்டிகளில் இவை குடல் சுவர் வழியாக ஊர்ந்து போகும். பறவையில் இரத்தத்தில் மிதந்து போகும்.

ஆக, வீடு ஓரிடத்தில் எழும்புகிறது, குடிவருகிறவர்கள் வேறோர் இடத்திலிருந்து வருகிறார்கள். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் வரை அந்த மேட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஆண் கருவில் இரண்டு பக்கமும் விந்தகம் ஆகும். பெண் கருவில் இடப்பக்கம் மட்டும் அண்டகமாக வளரும், வலப்பக்கம் ஒடுங்கிவிடும். கோழி அறுக்கிற கடையில் பார்த்தாலே தெரியும்: கொத்தாக இருக்கும் மஞ்சள் குருத்துகள் ஒரே பக்கத்தில்தான் இருக்கும்.

எந்த நாளில் கதிர் பட்டால் பாதிப்பு அதிகம்?

எவ்வளவு பட்டது என்பதைவிட எப்போது பட்டது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

முதல் மூன்று நாளில் மூல இனச்செல்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. முப்பது பேர் இருக்கும் கூட்டத்தில் இருபது பேர் போனால் என்ன மிச்சம்? பின்னால் இலட்சக்கணக்கில் பெருகியபோது அதே இருபது போனால் தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஆரம்ப நாள்களில் கருவின் மற்ற பாகங்களும் மென்மையாகவே இருக்கும். அதனால் கனமான டோஸ் பட்டால் இனச்செல் போவதற்கு முன் கருவே போய்விடும். முட்டை பொரியாது.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை இனமேடு எழும்பும் நேரம். இப்போது அடிபட்டால் வீட்டுக்கும் சேதம், வந்து இறங்கியவர்களுக்கும் சேதம்.

அதன் பிறகு பெண் கருவின் அண்டகத்தில் இனச்செல்கள் வெறித்தனமாகப் பிரிந்து பெருகுகின்றன. 15, 16-ஆம் நாளில் அவை ஒவ்வொன்றாக, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குள் நுழைகின்றன. இந்தக் கட்டத்தில் குஞ்சின் உடல் ஓரளவு தேறியிருக்கும். ஆகவே குஞ்சு பொரிந்து வெளியே வரும், நடக்கும், தின்னும். உள்ளே அண்டகத்தில் ஆள் குறைந்திருப்பது வெளியே தெரியாது.

வேறு பறவைகளுக்கு இந்த நாள் கணக்கை அப்படியே போடக் கூடாது. காடைக்கு அடை 17 நாள் வாக்கில், வாத்துக்கு 28, தகைவிலானுக்கு இரண்டு வாரம். வரிசை ஒன்றுதான், தேதி மாறும்.

மற்றச் செல்கள் தப்பிக்கும்போது இனச்செல்கள் மட்டும் ஏன் முதலில் சாகின்றன?

1906-ல் பெர்கோனியே, திரிபோண்டோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலியின் விந்தகத்தில் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஓயாமல் பிரிந்துகொண்டிருந்த இனச்செல்கள் அழிந்தன, பக்கத்திலேயே நின்ற துணைச் செல்கள் பிழைத்தன. பிரிகிற செல்லும் இன்னும் முதிராத செல்லும்தான் கதிருக்கு முதலில் பலியாகும் என்ற விதி அங்கிருந்துதான் வந்தது. விதிவிலக்குகள் பல உண்டு, ஆனால் விந்தகத்தையும் அண்டகத்தையும் பொறுத்தவரை இன்றும் நல்ல வழிகாட்டி.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அடுத்த தலைமுறைக்குப் போகப்போகிற செல் தன் டி.என்.ஏ.வில் கிழிசல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளாது. தைக்க முடியவில்லையென்றால் தன்னையே அழித்துக்கொள்ளும். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் பழுதான நகலை வாரிசுக்குக் கொடுக்காமல் இருக்க உடல் வைத்திருக்கும் காவல் அது.

அப்படியென்றால், இனச்செல் இல்லாமல் போனால் விந்தகமும் அண்டகமும் உருவாகாதா?

உருவாகும். எனக்கு இதில் மிகவும் வியப்பான விஷயமே இதுதான்.

கோழிக் கருவில் அந்தப் பிறைப் பகுதியைக் கத்தியால் நீக்கிவிட்டு வளர்த்த சோதனைகள் 1910-களிலிருந்தே உண்டு. பிற்காலத்தில் இன்னும் கவனமாகத் திரும்பச் செய்தார்கள். இனச்செல்கள் பெரும்பாலும் இல்லாமல் போன நிலையிலும் இனமேடு ஆணில் விந்தகமாகவும் பெண்ணில் அண்டகமாகவும் வடிவம் எடுத்தது, ஹார்மோனையும் சுரந்தது. குடிவருபவர்கள் வராவிட்டாலும் வீடு கட்டி முடிந்துவிடுகிறது.

கதிர்வீச்சுக்கும் இதே கணக்குத்தான். மட்டான டோஸ் பட்ட கருவில் இனச்செல்கள் குறைகின்றன, உறுப்பின் உடற்செல்கள் நிற்கின்றன. விளைவு என்ன? கொண்டை சிவந்து, நெஞ்சை நிமிர்த்தி, விடியற்காலையில் கூவுகிற சேவலாக அது வளரலாம். விந்தகத்தை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் நுண்குழல்களில் இனச்செல் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் துணைச் செல்கள் மட்டும் வெறுமையாக நிற்கும். வெளித்தோற்றத்தை வைத்து, ‘பாதிப்பு ஒன்றுமில்லை’ என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: கூவுவது ஹார்மோன், குஞ்சு தருவது இனச்செல். இரண்டும் வேறு.

எவ்வளவு டோஸில் இப்படி ஆகும்?

இதற்கு நல்ல விடை, பாதிப்பை அளக்கப் போனவர்களைவிட அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களிடம் கிடைக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு கோழியின் கருவில் இன்னொரு கோழி இனத்தின் செல்களைக் குடியேற்றப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ளும் கருவின் சொந்தச் செல்கள் வலுவாக இருந்தால் வந்தவற்றுக்கு இடம் கிடைக்காது. ஆகவே அடை வைக்காத முட்டைகளின்மேல் கோபால்ட்-60 மூலத்திலிருந்து ஏறத்தாழ 5 முதல் 7 கிரே காமாக் கதிரைப் பாய்ச்சி, சொந்தச் செல்களைத் தளர்த்தினார்கள். பிறகு ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, பார்டு பிளிமத் ராக் இனத்தின் கருச்செல்களை நுண்ணூசியால் செலுத்தினார்கள். பிழைத்து வளர்ந்த கலப்புக் கோழிகளில் சில, செலுத்தப்பட்ட இனத்தின் குஞ்சுகளையே தந்தன. 2012-ல் ஜப்பானில் எக்ஸ் கதிரைக் கொண்டு இதேபோல மூல இனச்செல்களைக் குறைத்துக் காட்டினார்கள். கதிர் பட்ட கருவில் இரவல் இனச்செல்கள் குடியேறி வாரிசு தருவது தெளிவாகக் கூடியது.

ஆக, சில கிரே என்பதுதான் இந்த ஆட்டத்தின் அளவு. அந்த அளவு ஒரே மூச்சில் பட்டதா, நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பட்டதா என்பதும் முக்கியம். மெதுவாகப் பட்டால் செல்லுக்குத் தைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

கொஞ்சம் இனச்செல்கள் தப்பிவிட்டால் அவை பெருகி இடத்தை நிரப்பவும் பார்க்கும். அதனால்தான் இன்றைய ஆய்வகங்கள் முழு மலட்டுக் கோழி வேண்டும் என்றால் கதிரை நம்பாமல் மரபணு வழிக்குப் போய்விட்டன. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, சொந்த அண்டமே இல்லாத பெட்டைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அருகிப்போகும் கோழி இனங்களின் இனச்செல்களை உறைய வைத்துக் காத்து, பிறகு இப்படிப்பட்ட வாடகைத் தாய்களில் மீட்கும் திட்டம் அது. கதிர் பாய்ச்சிய பழைய சோதனைகள் அந்தப் பாதையின் முதல் படிகள்.

கருவைத் தொடாமல் இனச்செல்லை மட்டும் குறிவைக்க முடியுமா?

முடியும், அதுவும் முதல் இரண்டு நாளுக்குள். பிறைப் பகுதி கருவின் உடலுக்கு வெளியே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில் மட்டும் புற ஊதாக் கதிரைக் காட்டினால் உடல் தப்பிக்கும். புற ஊதாக் கதிர் ஓட்டைத் தாண்டாது, ஆகவே ஜன்னல் வெட்டித்தான் காட்ட வேண்டும். பிரான்சில் ரெய்னோ என்பவர் இப்படிக் கோழிக் கருவின் சொந்த இனச்செல்களை அழித்து, வான்கோழியின் மூல இனச்செல்களை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார். அவருக்கு முன்பே, 1930-களில், எத்தியென் வோல்ஃப் மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றையைக் கருவின் குறிப்பிட்ட புள்ளிகளில் பாய்ச்சி, எந்த இடம் எந்த உறுப்பாகும் என்று கண்டுபிடித்தார். கதிர் அவருக்குக் கத்திக்குப் பதிலான கருவி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் பாதிப்பு ஒரே மாதிரியா?

இல்லை. பெண்ணுக்குத்தான் நிரந்தர நஷ்டம்.

1963-ல் ஹியூஸ் என்ற ஆய்வாளர் பெண் கோழிக் கருவின் இட அண்டகத்தில் இருக்கும் இனச்செல்களை எண்ணி வெளியிட்டார். 9-ஆம் நாளில் சுமார் 28,000. 17-ஆம் நாளில் 6,80,000. பொரியும்போது 4,80,000. கவனித்தீர்களா, எட்டு நாளில் இருபத்துநாலு மடங்குப் பெருக்கம், அப்புறம் கதிர் எதுவும் இல்லாமலேயே இயல்பாக இரண்டு இலட்சம் உதிர்ந்துவிடுகிறது. ஒரு பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும் என்று வைத்தால், இந்தச் சேமிப்பில் அது தொடுவது விளிம்பை மட்டும்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, பாதி போனாலும் கோழி முட்டையிடும், அவ்வளவு கையிருப்பு இருக்கிறது. இரண்டு, கருவிலேயே கையிருப்பு மொத்தமாகத் தீர்ந்துவிட்டால் பொரிந்த பிறகு நிரப்ப வழியில்லை. பெருக்கம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

ஆண் கதை வேறு. விந்தகத்தில் குன்றல் பிரிவு குஞ்சு பொரிந்து பல வாரம் கழித்துத்தான் தொடங்கும். மூலச் செல்கள் ஆயுள் முழுக்க இருந்து புதிதாகத் தந்துகொண்டிருக்கும். நாலைந்து மூலச் செல் பிழைத்தால் போதும், காலப்போக்கில் ஓரளவு தேறிக்கொள்ளும்.

கதிர் பட்டால் பெட்டை சேவலாக மாறுமா?

மாறாது. பறவையில் ஆணுக்கு இரண்டு Z-குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு Z, ஒரு W. Z-இல் இருக்கும் டி.எம்.ஆர்.டி.1 என்ற மரபணு இரண்டு பிரதி இருந்தால் விந்தகம். அந்த மரபணுவின் வேலையை ஆண் கருவில் குறைத்தால் உறுப்பு பெண்பக்கம் சாய்கிறது என்று 2009-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கதிர் குருட்டாம்போக்கில் அறுக்குமே தவிர, எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுவைத் தேடிப்போய் அணைக்காது.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வேர் இருக்கிறது. பறவையின் பெண் உறுப்பு ஈஸ்ட்ரோஜனை நம்பி நிற்கிறது. கருவில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதை மருந்தால் தடுத்தால், பெண் கருவில் விந்தகம் போன்ற உறுப்பு வளரும். குஞ்சாக இருக்கும்போதே இட அண்டகத்தை அறுத்து எடுத்துவிட்டால், ஒடுங்கிக் கிடந்த வலப்பக்கம் விழித்துக்கொண்டு விந்தகச் சாயலில் வளர்வதை லிங்கன் டாம் 1920-களிலேயே சிகாகோவில் பார்த்திருக்கிறார். வயதான பெட்டை திடீரென்று கூவத் தொடங்குகிறது என்று கிராமத்தில் சொல்வார்களே, அதற்கும் பெரும்பாலும் பின்னணி இட அண்டகம் கெட்டுப்போவதுதான்.

விந்துக்குழாய், முட்டைக்குழாய் பாதிக்கப்படுமா?

படும், சங்கிலித் தொடராக. கருவில் முதலில் உல்ஃபியன் நாளம் மேலிருந்து கீழாக வளர்கிறது, ஆணில் பின்னாளில் விந்துக்குழாய் ஆவது இது. அதை ஒட்டிக்கொண்டுதான் முல்லேரியன் நாளம் இறங்குகிறது. பிற்காலத்தில் முட்டைக்குழாய் ஆவது அதுவே. முன்னது நடுவில் தடைப்பட்டால் பின்னதும் அங்கேயே நின்றுவிடும் என்பது கோழிக் கருவில் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆகவே நாளம் வளரும் நேரத்தில் அந்த இடத்தில் ஏற்படும் சின்னச் சேதம்கூட, அண்டகம் நன்றாக இருந்தும் முட்டை இறங்க வழியில்லாத பெட்டையைத் தரக்கூடும்.

முட்டை ஓடு தடுக்காதா?

ஆல்ஃபாத் துகளைத் தடுக்கும், அதற்கு ஒரு தாளே போதும். பீட்டாவை ஓரளவு. காமாவுக்கும் எக்ஸ் கதிருக்கும் ஓடு ஒரு பொருட்டே இல்லை.

அதைவிடக் கவலையான வழி தாயின் இரை. கதிரியக்கப் பொருளைத் தின்ற கோழி அதை முட்டையில் பங்கு போட்டு வைக்கிறது. ஸ்ட்ரான்சியம்-90 சுண்ணாம்பைப் போல நடந்துகொள்ளும், பெரும்பகுதி ஓட்டுக்குப் போகும். சீசியம்-137 பொட்டாசியம் மாதிரி, வெள்ளைக் கருவில் கூடுதலாகச் சேரும். அயோடின்-131 மஞ்சள் கருவில் தங்கும். கரு ஓட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத்தான் எலும்பு கட்டுகிறது. அதனால் வெளியில் நிற்பதாக நாம் நினைக்கும் ஸ்ட்ரான்சியமும் உள்ளே வந்துவிடுகிறது.

செர்னோபில் பறவைகளில் உண்மையில் என்ன கண்டார்கள்?

1986 ஏப்ரல் 26-ல் அணு உலை வெடித்தது. அதற்குப் பிறகு அங்கே அதிகம் ஆராயப்பட்ட பறவை தகைவிலான். பனிக்காலத்தில் நம் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அதே இனம்தான், செர்னோபில் கூட்டம் மட்டும் ஆப்பிரிக்காவுக்குப் போகும். 1997-ல் வந்த ஆய்வு, அங்குள்ள தகைவிலான்களில் பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணு மாற்றம் குஞ்சுகளில் கூடுதலாக வருகிறது என்றும், இறகில் வெள்ளைத் திட்டுகள் அதிகம் என்றும் சொன்னது. அண்டர்ஸ் மோலரும் திமோதி முசோவும் 2014-ல் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வில், கதிரியக்கம் படிந்த பகுதிகளில் பிடித்த ஆண் பறவைகளில் 18.4 சதவீதத்துக்கு விந்தணுவே இல்லை. சுத்தமான பகுதியில் அது 3 சதவீதம்.

இந்த எண் மனத்தைப் பிசைகிறது. ஆனால் இதை, ‘முட்டைக்குள் இனச்செல் செத்ததால் வந்தது’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டில் மணிக்கு 100 மைக்ரோகிரே (மில்லிகிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிரே) என்று வைத்துக்கொள்வோம், அது சாதாரண அளவே இல்லை. 14 நாள் அடையில் மொத்தம் சுமார் 34 மில்லிகிரே. ஆய்வகத்தில் இனச்செல்லை ஒழிக்கத் தேவைப்பட்டதோ 5,000 மில்லிகிரேக்கும் மேல். இடையில் நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. ஆகவே வேறு வழிகளையும் பார்க்க வேண்டும். இரையோடு உள்ளே போகும் கதிரியக்கம், வளர்ந்த பிறகு விந்தகத்தில் நாள்தோறும் படுவது, தாயின் உடலில் கரோட்டினாய்டும் வைட்டமின் ஈ-யும் குறைவது. அந்த மஞ்சள் நிறப் பொருள்கள்தான் முட்டையின் மஞ்சள் கருவில் இறங்கி, வளரும் கருவைத் துடிப்பான மூலக்கூறுகளிடமிருந்து காக்கின்றன. செர்னோபில் தகைவிலான்களின் முட்டைகளில் அவை குறைந்திருந்ததாக மோலர் குழுவே 2005-ல் எழுதியிருக்கிறது.

மறுப்பவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். தகைவிலான் மனிதரோடு ஒட்டி வாழும் பறவை, மாட்டுத் தொழுவத்தில் கூடு கட்டும். ஊரையே காலி செய்தபின் மாடும் இல்லை, தொழுவமும் இடிந்துபோனது, சாணத்தில் வரும் பூச்சியும் குறைந்தது. பறவை நலிந்ததற்கு எவ்வளவு கதிர் காரணம், எவ்வளவு ஊர் அழிந்தது காரணம் என்று பிரிப்பது எளிதல்ல. இந்தக் கேள்வி நியாயமானது. அதற்காக, விந்தணு இல்லாத பறவைகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளி மாதிரி மோனசைட் என்ற இயற்கைக் கதிரியக்க மணல் இருக்கும் கடற்கரைக் கோழிகளுக்கு இப்படி ஆகுமா?

கணக்குப்படி ஆகாது. ஆண்டுக்கு 70 மில்லிகிரே என்று உயர்த்தியே வைத்தாலும் 21 நாளில் 4 மில்லிகிரேதான் வரும். அங்கே முட்டை பொரியவில்லை என்றால் அடை சூட்டையும் சேவலையும் முதலில் பாருங்கள்.

செல்போன் கோபுரம்?

அது அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல, டி.என்.ஏ. இழையை அறுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இந்தப் பக்கத்தில் சொன்ன எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள். சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கூடு வைக்க ஓட்டு வீடும் சந்து பொந்தும் இல்லாமல் போனதும், குஞ்சுக்குக் கொடுக்கப் புழு இல்லாததும் எவ்வளவோ பெரிய காரணம்.

கதிர் பாய்ச்சிய முட்டையைச் சாப்பிடலாமா?

சால்மொனெல்லா கிருமியைக் கொல்ல, ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு 3,000 கிரே வரை பாய்ச்ச அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் அனுமதி கொடுத்தார்கள். அதனால் முட்டை கதிரியக்கப் பொருளாகிவிடாது. கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் சேவல் சேராததால் கருவும் இல்லை.

கோழிக் கருவில் கண்டது மனிதக் கருவுக்கும் பொருந்துமா?

கொள்கை பொருந்தும், எண்ணும் நாளும் பொருந்தாது. இரண்டிலும் இனச்செல் வேறிடத்திலிருந்துதான் வருகிறது. பெண்ணின் அண்டச் சேமிப்பு பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுவதும் ஒன்றுதான். கருவில் 100 மில்லிகிரேக்குக் கீழே பிறவிக் குறை கூடுவதாகக் காணப்படவில்லை என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் வயிற்றுக்குப் போவது அதில் மிகச் சிறு துளி. கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று தோன்றினால்கூட, எக்ஸ்ரே எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்துவிட்டோமே என்று இரவெல்லாம் தூங்காமல் தவித்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். அவருக்கு எடுத்தது கை எக்ஸ்ரே, அதற்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

இனச்செல்கள் குறைந்துவிட்டதை எப்படி எண்ணுகிறார்கள்?

இரண்டரை நாள் கருவில், ஓட்டு ஜன்னல் வழியாக, மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் குழாயிலிருந்து ஒரு துளிக்கும் குறைவான இரத்தத்தை உறிஞ்சுவார்கள். நுண்ணோக்கியில் சின்னச் சின்ன இரத்தச் செல்களுக்கு நடுவே, அவற்றைவிடப் பெரிதாக, உருண்டையாக, உள்ளே மணி மணியாக ஏதோ நிரம்பிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். அந்த மணிகளில் ஒரு பங்கு கிளைக்கோஜன், வழிக்குக் கட்டிக்கொண்ட சோறு. கிளைக்கோஜனைச் சாயமேற்றும் முறையில் அவை பளீரென்ற கத்தரிப்பூச் சிவப்பில் நிற்கும், எண்ணுவது சுலபம். கதிர் பட்ட கருவில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாமா?

கதிர் பாய்ச்சுவதை வேண்டாம். எக்ஸ் கதிர்க் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும். விளையாட்டு இல்லை.

ஆனால் கதிர் படாத முட்டையைப் பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை நாலைந்து வாங்கி, அடைக்கோழியின்கீழ் வையுங்கள், அல்லது 37.5 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டரில். மூன்று நாள் முடிந்து நாலாம் நாள் ராத்திரி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின்மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பாருங்கள். கூமுட்டை வெறும் மஞ்சளாக ஒளிரும். கரு கூடிய முட்டையில் சிலந்தி கால் பரப்பியது போல மெல்லிய சிவப்பு இழைகள் தெரியும், நடுவில் ஒரு கரும்புள்ளி துடிக்கும். அந்தச் சிவப்பு இழைகளுக்குள்தான் நேற்று வரை மூல இனச்செல்கள் மிதந்துகொண்டிருந்தன. நீங்கள் பார்க்கிற இந்த நேரத்தில் அவை போய் இறங்கியிருக்கும்.